ஆறு வீட்டுப் புளிச்சோறு

வேன் காரிமங்கலத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும், முதலில் மூக்கை உறிஞ்சியவர் டிரைவர்தான்.

"என்னாங்க, எல்லா ஏனத்துலயும் ஒரே வாசனையா வருது?" என்றார்.

வேனுக்குள் ஏழு பாத்திரங்கள் இருந்தன. எவர்சில்வர் தூக்கு, அலுமினியக் குண்டான், கல்யாணத்துக்கு வந்து இதுவரை பரணை விட்டு இறங்காத புது டேக்சா என்று ஆளுக்கொன்று. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணியால் வேடு கட்டி, மஞ்சள் தடவிய நூலைச் சுற்றியிருந்தார்கள். எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் அவற்றைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரைத் தவிர ஒரே ஆம்பளையான நான் ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில், என் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு.

முன் சீட்டில் வளையல் தட்டோடு இருந்த மாதம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் காற்று அவள் காதை அடைத்திருந்தது.

சரசக்கா தன் பாத்திரத்தை மோந்து பார்த்தாள். பிறகு பக்கத்துப் பாத்திரத்தை மோந்தாள். "ஸ்டெல்லா, உன்னுது என்னா சோறு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"புளிசோறுக்கா. உங்களுது?"

"என்னுதும் அதேதான்" என்ற சரசக்கா கழுத்தைத் திருப்பினாள். பின் சீட்டைப் பார்த்தாள். பின் சீட்டும் புளி. அதற்குப் பின்னாலும் புளி. கடைசியாக எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சார்?"

"புளிதான்" என்றேன்.

மாதம்மாவின் மகள் பவித்ராவுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. அரூருக்கு அந்தப் பக்கம் சம்பந்தி வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோய், சீர் செய்து, பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். இனிப்பு ஒன்று, கலவைச் சோறு ஆறு, ஆக ஏழு வகை. அதில் ஆறும் புளிச்சோறாக இருந்தால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கவே எனக்கு வியர்த்தது.

சட்னிச் சண்டை

நான் இந்தக் கூட்டத்தில் எப்படிச் சேர்ந்தேன் என்று சொல்லிவிட வேண்டும். என் மனைவி ஓசூர் கம்பெனியில் வேலை கிடைத்து விடுதிக்குப் போன கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அவள் போன பிறகு நான் காரிமங்கலத்தில் உரக்கடை பில் மேசையும் ஓட்டல் சாப்பாடுமாக இருந்தேன்.

அந்த நாட்களில் ஓட்டல் விலைப் பலகையைப் பார்ப்பதே ஒரு பயம். பழைய எண்ணின் மேல் ஸ்டிக்கர், அதன் மேல் இன்னொரு ஸ்டிக்கர். தோசை வரிசை பலகையை விட்டு ஒரு விரற்கடை எழும்பி நின்றது. விலை இப்படித் தடித்துக்கொண்டே போக, இட்லி இளைத்துக்கொண்டே வந்தது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் தேங்காய்ச் சட்னி வாளி வரவேயில்லை. கேட்டால், "கடலைச் சட்னிதான் சார். தேங்காய் வேணும்னா தனி காசு" என்றார் சப்ளையர்.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. "சட்னிக்குத் தனி பில்லா? நாளைக்குத் தண்ணிக்கும் போடுவீங்களா?" என்று கத்தினேன். ஓட்டலே திரும்பிப் பார்த்தது.

கல்லாவில் இருந்தவர் சாந்தமாகச் சொன்னார்: "சார், நீங்க போயி ஒரே ஒரு தேங்காய் வெலைக்கு வாங்கிப் பாருங்க. அப்பறம் வந்து கத்துங்க, நான் கேட்டுக்கறேன்."

அதே வீம்போடு கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கினேன். தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, காதில் வைத்துப் பார்த்து வாங்கியது. வாங்கிய விலைக்கு அதை உடைக்க மனம் வரவில்லை. அலமாரியில் பிள்ளையார் மாதிரி உட்கார வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசையாக உடைத்தேன். உள்ளே முழுக்க அழுகல்.

மறுபடி அந்த ஓட்டலுக்குப் போகவில்லை. கோபம் ஒரு காரணம், கூச்சம் இன்னொரு காரணம். அன்றிலிருந்து நானே பொங்கித் தின்ன ஆரம்பித்தேன். மனைவி சாயங்கால ஷிப்ட் முடிந்து போனில் சொல்லச் சொல்ல, நான் இங்கே கிளறுவேன். "கடுகு வெடிச்சுதா? சத்தமே கேக்கலையே" என்பாள். போனை வாணலிக்கு நேராகப் பிடிப்பேன்.

பானைக்குள் ஒரு வருஷம்

எங்கள் பக்கத்து வீடுகளில் மற்றதெல்லாம் தீர்ந்து போகும். புளி மட்டும் தீராது.

மாசி, பங்குனியில் சந்தைக்குப் புளி வந்து குவியும். விலை இறங்கியிருக்கும் அந்த நாட்களில் ஒவ்வொரு வீடும் ஒரு வருஷத்துக்கான புளியை வாங்கிப் போட்டுவிடும். ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை தட்டி, வெயிலில் காயவைத்து, கல்லுப்பு போட்டுப் பானையில் அழுத்தி வைப்பார்கள். அந்த வாரம் எங்கள் லைன் வீட்டில் யார் விரலைப் பார்த்தாலும் கறுத்திருக்கும். குழம்புக்கும் ரசத்துக்கும் கடைப்பக்கம் போகாமல் தைரியமாக இருக்கலாம் என்றால் அது அந்தப் பானை இருப்பதால்தான்.

என் வீட்டிலும் ஒரு பானை இருந்தது. ஓசூருக்குக் கிளம்புவதற்கு முன் மனைவி செய்து வைத்த வேலைகளில் அது ஒன்று. துணிமணிகூட சரியாக எடுத்துக்கொள்ளவில்லை, புளியைத் தட்டி அடைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அந்தப் பானையைத் திறக்கும்போதெல்லாம் அவள் ஞாபகம் வரும். சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

கடைக்குப் போகக் கூடாது

மாதம்மா என் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளிக் குடியிருந்தாள். புருஷன் இல்லை. தக்காளி மண்டியில் பழம் தரம் பிரிக்கும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை தக்காளிக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் தக்காளி இருக்காது. விலை ஏறிய நாட்களில் உடைந்த பழத்தைக்கூட மண்டிக்காரர்கள் தனியாக விற்றுவிடுவார்கள்.

பவித்ராவுக்கு ரத்தம் குறைவு, ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதைச் சாப்பிட்டாலும் வயிற்றில் நிற்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். பெண்ணைச் சீக்கிரம் கூட்டி வந்துவிட வேண்டும் என்று மாதம்மா துடித்தாள். சம்பந்தியம்மா போனில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வழக்கப்படி கட்டுச்சோத்தோட வந்து கூட்டிட்டுப் போங்க. சும்மா வந்து கூட்டிட்டுப் போனா ஊருல என்னா பேசுவாங்க?"

மாதம்மா கேட்டரிங்காரரிடம் போய் விசாரித்தாள். கலவைச் சாதத்துக்கு இலைக்கு இவ்வளவு என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து வாசப்படியில் உட்கார்ந்தவள், விளக்குப் போடும் நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. "நானே ஆக்கறதுன்னாலும் தேங்காய், எலுமிச்சை, தயிருன்னு எல்லாம் வாங்கணுமில்ல. எதைத் தொட்டாலும் சுடுது" என்றாள். யாரிடமும் கடன் கேட்கிற ஆள் இல்லை அவள். கொடுத்தாலும் வாங்கமாட்டாள்.

சரசக்கா எங்கள் லைனின் முதல் வீடு. யாரும் கேட்காமலே எல்லாருக்கும் நாட்டாமை. மாதம்மா மண்டிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வீடு வீடாக வந்தாள். என் வீட்டுக்கும் வந்தாள்.

"சார், வூட்டுக்கு ஒரு சோறு. இனிப்பை மாதம்மா பொங்கட்டும், மீதி ஆறு வூடும் ஆளுக்கு ஒண்ணு. ஒரே கண்டிசன். கடைக்குப் போவக் கூடாது. போனீங்கன்னு தெரிஞ்சா மாதம்மா வேணாம்னுடும். வூட்டுல இருக்கறத வெச்சு ஆக்குங்க."

"நான் என்ன சோறு செய்யறதுக்கா?"

"அதெல்லாம் எங்கிட்டச் சொல்லாதீங்க. செய்யறதைச் சொல்லிக்காட்டற மாதிரி இருக்கும். வேடு கட்டிக் கொண்டாங்க, போதும்."

இதுதான் விஷயம். எங்கள் ஊரில் ஒரு விசேஷத்துக்குக் கொடுக்கிறவர்கள் என்ன கொடுக்கிறோம் என்று வாய் திறக்கமாட்டார்கள். சீர்க்கட்டை அவிழ்க்கும்போதுதான் தெரியும். ஆறு வீடும் வாயை மூடிக்கொண்டு, கடைக்கும் போகாமல், வீட்டில் இருப்பதைப் பார்த்தோம். தேங்காய் இல்லை, தக்காளி இல்லை, எலுமிச்சை இல்லை. புளி இருந்தது. நாம் புளிச்சோறு செய்வோம், மற்றவர்கள் மற்றதைச் செய்வார்கள் என்று ஆறு வீடும் நிம்மதியாக அடுப்பைப் பற்ற வைத்தோம்.

அரூரில் ஒரு நிறுத்தம்

"சொல்லிடலாமா?" என்றாள் ஸ்டெல்லா. ஸ்டெல்லா தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ், எதையும் மறைக்கத் தெரியாதவள்.

"சொன்னா மாதம்மா வண்டியை நிறுத்தி எறங்கிடும். கம்முனு வா" என்றாள் சரசக்கா.

அரூரில் டீ குடிக்க வேண்டும் என்று நான் சும்மா சத்தம் போட்டேன். வண்டி நின்றதும் சரசக்காவும் நானும் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தோம். எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் இருந்தது. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் டப்பாவில். அதன் விலையைக் கேட்ட சரசக்கா, என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒரு குண்டான் நிறைய வேண்டும் என்றால் எத்தனை டப்பாவைக் கொட்ட வேண்டும் என்று கணக்குப் போடவே பயமாக இருந்தது.

"வாங்க சார் போலாம்" என்றாள். "கடைச்சோத்தைக் கொட்டி வேடு கட்டிக் கொண்டுபோறதுக்கு நம்ம சோறே மேல். திட்டுனா திட்டட்டும், வாங்கிக்குவோம்."

டீயும் குடிக்காமல் திரும்பினோம். மாதம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "என் புள்ளைக்காக இத்தினி பேரு கெளம்பி வந்தீங்களே, அது போதும் எனக்கு" என்றாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வேடு அவிழ்த்தபோது

சம்பந்தி வீடு பெரிய ஓட்டுக் கட்டடம், முன்னால் பந்தல், பின்னால் மாட்டுக் கொட்டாயும் தென்னந்தோப்பும். பந்தலுக்குள் போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்ததும் எங்கள் கூட்டம் சின்னதாகிவிட்டது.

பவித்ராவை மனையில் உட்கார வைத்தார்கள். மேடிட்ட வயிறு, குச்சிக் கை. போட்ட கண்ணாடி வளையல் ஒவ்வொன்றும் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைக்கு ஓடியது. அதைப் பார்த்து மாதம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சந்தனம், நலுங்கு எல்லாம் முடிந்தது. அப்புறம் வேடு அவிழ்க்கிற நேரம்.

அந்த ஊர் வழக்கப்படி மாமியார்தான் ஒவ்வொன்றாக அவிழ்த்து மருமகள் இலையில் வைக்க வேண்டும். முதலில் மாதம்மாவின் சர்க்கரைப் பொங்கல். பவித்ரா ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள். இரண்டாவது சரசக்காவின் குண்டான். புளிச்சோறு. மூன்றாவது புளிச்சோறு. நான்காவதை அவிழ்க்கும்போதே பந்தலில் யாரோ சிரித்தார்கள்.

பவித்ராவின் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு, "என்னாங்க, புளியந்தோப்புல இருந்து வர்றீங்களா?" என்றாள்.

மாதம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் எங்கள் பக்கம் திரும்பிய பார்வையை என்னால் மறக்க முடியாது. கோபம் இல்லை. "இப்ப என்னா செய்யறது" என்று கேட்கிற பார்வை. சம்பந்தியம்மா ஐந்தாவதை அவிழ்த்தார், ஆறாவதை அவிழ்த்தார். கடைசியில் என் குக்கர். இலையில் சர்க்கரைப் பொங்கலைச் சுற்றி ஆறு பழுப்புக் குவியல்கள்.

பவித்ரா முதல் குவியலிலிருந்து ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது சரசத்தை வூடு" என்றாள். "எள்ளு வறுத்துப் போட்டிருக்குது."

அடுத்ததில் கை வைத்தாள். "ஸ்டெல்லாக்கா. பூண்டைத் தோலோட தட்டிப் போட்டிருக்காங்க."

அடுத்தது வாயில் போனதும் சிரித்துவிட்டாள். "ரத்னம்மா. வெல்லமும் கொப்பரையும்." ரத்னம்மா வீட்டில் கன்னடம் பேசுவார்கள். கையளவு கொப்பரையைப் பொட்டலத்தில் முடிந்து எத்தனை மாசமாக வைத்திருந்தாளோ, அதையும் துருவிப் போட்டிருந்தாள். அதற்கடுத்தது தெலுங்கு பேசும் வீடு, பச்சை மிளகாயும் அரைத்த கடுகும். அதையும் சரியாகச் சொன்னாள். அப்புறம் ஒரு வாய் எடுத்து, "இது மலை வூடு, அரிசியே இல்ல, சாமை" என்றாள். வத்தல்மலையிலிருந்து வந்து எங்கள் லைனில் குடியிருக்கும் புருஷன் பெண்டாட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த சாமையைத்தான் பொங்கியிருந்தார்கள்.

ஒரே சந்தைப் புளி. ஒரே சுவர் பகிர்ந்துகொண்ட வீடுகள். இத்தனை நாளாக அந்த வாசல்களை நான் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் வேறு வேறு ஊர் கொதித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அந்தக் கதவுகளுக்குள் ஓடியாடி வளர்ந்த பெண், கண்ணை மூடிக்கொண்டு நாக்காலேயே எங்கள் லைனில் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

கடைசிக் குவியலுக்கு வந்தாள். என்னுடையது. வாயில் போட்டாள், நிறுத்தினாள், புருவத்தைச் சுருக்கினாள். அவள் கல்யாணமாகிப் போன பிறகுதான் நான் அந்த லைனுக்குக் குடி வந்தேன்.

"இது யாரு வூடுன்னு தெரியலயே. ஆனா யாரோ ஆம்பள ஆக்கியிருக்குது" என்றாள்.

பந்தலே சிரித்தது. நாத்தனார்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். மாதம்மா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், பிறகு அது அழுகையாகிவிட்டது. பவித்ரா எதையும் கவனிக்கவில்லை. முதல் குவியலுக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆரம்பித்திருந்தாள். என் சோற்றையும் அவள் ஒதுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வெறும் பாத்திரம்

சம்பந்தியம்மா மருமகள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இலை காலியானதும் ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் தானும் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். பிறகு மாதம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மூணு மாசமா என் கையால ஒரு கவளம் இவளுக்கு எறங்கல சம்பந்தி. எனக்கு ஆக்கத் தெரியலையோன்னு நானே அழுதிருக்கறேன். கூட்டிட்டுப் போங்க. நல்லா சாப்புட்டு வரட்டும்" என்றார்.

பந்தியில் புளிச்சோற்றுக்கு அடிதடி. "எனக்கு எள்ளு போட்டது", "எனக்கு அந்த மலைச்சோறு" என்று கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். எதை எதனோடு ஒப்பிடுவது என்று இரண்டு பெரியவர்கள் வாக்குவாதமே செய்தார்கள். என் குக்கரும் காலியானதை நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும் நேரம். கட்டுச்சோறு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது, ஏதாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஏழு பாத்திரமும் மறுபடி வேடு கட்டி வேனுக்கு வந்தன. சம்பந்தியம்மா ஜன்னலோரம் வந்து மாதம்மாவிடம் மெதுவாகப் பேசினார். ஸ்டெப்னி டயர்ப் பக்கம் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"தப்பா நெனைக்காதீங்க. தோப்பைப் பாத்து எல்லாரும் பெரிய கைன்னு நெனைக்கறாங்க. மரம் பாதி காஞ்சு போச்சு, நாங்களும் தேங்காய வெலைக்குத்தான் வாங்கறோம். நீங்க கேட்டரிங் வெச்சுக் கொண்டாந்துட்டா, திருப்பி இந்த ஏனத்துல நான் எதைப் போடறதுன்னு ரெண்டு வாரமா தூக்கமில்ல. இப்பதான் மனசு லேசாச்சு."

மாதம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நகரும்வரை விடவில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் சரசக்காவால் பொறுக்க முடியவில்லை. தன் குண்டானின் நூலை அவிழ்த்தாள். உள்ளே உருட்டிப் பிடித்த புதுப்புளி, பக்கத்தில் ஒரு வெற்றிலை. ஸ்டெல்லா தன்னுடையதைத் திறந்தாள். புளி. ரத்னம்மா பாத்திரத்திலும் புளி. நான் குக்கரைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் திறந்தேன். எங்களைப் போலவே அந்த வீட்டிலும் கடைக்குப் போகாமல் எடுத்துக் கொடுக்க இருந்தது அது ஒன்றுதான்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

பவித்ரா நடு சீட்டில் சாய்ந்திருந்தாள். என் குக்கருக்குள் கையை விட்டு உருண்டையில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் ஒதுக்கிக்கொண்டாள். கண்ணை மூடினாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தோம்.

"இது எங்க வூடு" என்றாள். "மாட்டுக் கொட்டாய்ப் பக்கத்துல இருக்கற மரம்."

முன் சீட்டிலிருந்து மாதம்மா திரும்பி, மகளிடம் கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு கிள்ளு குடு சாமி, பாக்கறேன்."